மிக்சர் மூணே நாள்ல நமத்துப் போகுது, பதினாறு வீட்டுக்குக் கொடுக்கணும், எங்க தப்பு?

பாபநாசம்பொண்ணு (செப்டம்பர் 27, 2025)

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா ஓரமா உக்காந்து படிச்சுட்டுப் போயிடுவேன். இப்ப மானப் பிரச்சினை, அதான் எழுதறேன்.

போன தீபாவளி வியாழக்கிழமை, அக்டோபர் 31. கடையில வாங்க வேண்டாம்னு நானே மிக்சர் போட்டேன். அக்கம்பக்கம், ஆபீஸ், நாத்தனார் வீடுன்னு பதினாறு பேருக்கு கால் கால் கிலோ, மொத்தம் நாலு கிலோ. திங்கட்கிழமை ராத்திரி பதினொரு மணி வரைக்கும் அடுப்படியிலதான். சூட்டோட அள்ளித் தின்னப்ப அப்படி ஒரு ருசி, வீட்டுக்காரரே ரெண்டு கிண்ணம் காலி பண்ணினார். அப்பவே டப்பாவுல போட்டு மூடிட்டுப் படுத்துட்டேன்.

வெள்ளிக்கிழமை கீழ் வீட்டு மாமி மாடிப்படியில பாத்து, "மிக்சர் நல்லா இருந்துதுடி, கொஞ்சம் வாணலியில போட்டுச் சூடு பண்ணிண்டேன்"னாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

நான் போட்டது: காராபூந்தி, ஓமப்பொடி, கெட்டி அவல், வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முந்திரி, கறிவேப்பிலை, தட்டிப் பொரிச்ச பூண்டு. எண்ணெய் புதுசு. மாவு புதுசு. இந்த வருஷம் 20ஆம் தேதி தீபாவளி. அதுக்குள்ள எங்க தப்புன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க.

மிக்சர்மாமா

என் பேருக்கு ஏத்த இழை. ஓரமா உக்காந்து மிக்சர் சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறேன். நடத்துங்க.

கொங்குஅம்மிணி

ஏனுங்க, எதுல போட்டுக் கொடுத்தீங்க? டப்பான்னா எவர்சில்வரா, பிளாஸ்டிக்கா?

பாபநாசம்பொண்ணு

ரெண்டும் இல்லைங்க. ஸ்வீட் பாக்ஸ். தங்கக் கலர் அட்டைப் பெட்டி, உள்ள பட்டர் பேப்பர். பாக்க லட்சணமா இருந்துச்சு.

கொங்குஅம்மிணி

அப்ப போச்சுங்க. அதுல மைசூர்பாகு இருக்கும், காரம் நிக்காதுங்க. அட்டையே ஈரத்தைக் குடிச்சுட்டு உள்ள தள்ளி விட்டுரும்.

அக்ரஹாரத்துமாமி

பெட்டியெல்லாம் அப்புறம். பூண்டுதான் குத்தவாளி. நான் நாப்பது வருஷமா பூண்டு போடாமத்தான் பண்றேன், பதினஞ்சு நாள் ஆனாலும் கரகரன்னு இருக்கும். அதுவுமில்லாம தீபாவளியன்னிக்கோ மறுநாளோ அமாவாசை வந்துடும். நாலாத்துக்குக் கொடுக்கறச்சே பூண்டு போட்டா பாதிப் பேர் வாங்கி வேலைக்காரிகிட்டக் கொடுத்துடுவா. கேதாரகௌரி நோன்பு எடுக்கறவா தொடவே மாட்டா. கொடுக்கறதுன்னா எல்லாரும் சாப்பிடற மாதிரி கொடுக்கணும்.

கரிசக்காட்டான்

பூண்டு இல்லாத மிக்சரை மிக்சர்னு சொல்ல எனக்கு வாய் வரல. பாக்கெட்டப் பிரிச்சதும் பூண்டுத் தோலோட ஒரு பல்லு கையில சிக்கணும், அதத் தேடித்தான் சின்ன வயசுல அண்ணந்தம்பிக்குள்ள அடிதடியே நடக்கும். சாத்தூர் காராச்சேவு தின்னு வளந்தவன்கிட்ட பூண்டு வேண்டாம்னா எப்படி?

சரக்குமாஸ்டர்

மாமி கோவிச்சுக்கக் கூடாது. முப்பத்திரண்டு வருசம் பலகாரக் கடையில சரக்கு மாஸ்டரா நின்னவன், இப்ப முட்டிவலி, வீட்டுல இருக்கேன். பூண்டு மேல தப்பில்ல. பொரிக்கிற ஆள் மேலதான் தப்பு.

பூண்டை நல்லாக் காஞ்ச எண்ணெயில போட்டா அரை நிமிசத்துல தோல் செவந்துரும். எடுத்துருவீங்க. உள்ள பச்சைத் தண்ணி அப்படியே இருக்கும். அது ராத்திரி பூரா மெல்ல மெல்லப் பக்கத்துல இருக்க பூந்திக்குப் போகும். தோலோட ஒரே தட்டாத் தட்டி, எண்ணெய் சுமாரா இருக்கும்போதே போட்டு, தீயைக் குறைச்சு, சலசலப்பு முழுசா அடங்குற வரைக்கும் நிக்கணும். சத்தம் நின்னாத்தான் தண்ணி போச்சுன்னு அர்த்தம். இது பூண்டுக்கு மட்டும் இல்ல, வாணலியில விழுற எல்லாத்துக்கும். கண்ணால பாத்து எடுக்குறவன் கத்துக்குட்டி, காதால கேட்டு எடுக்குறவன் மாஸ்டர்.

கறிவேப்பிலையும் அப்படித்தான். கழுவுனா முதல் நாளே கழுவித் துணியில பரத்திக் காயவிடுங்க. ஈரத்தோட போட்டா முகத்துலயும் தெறிக்கும், சரக்கையும் கெடுக்கும். பொரிச்சதை விரல்ல நசுக்குனா பொடியாகணும், வளையக் கூடாது.

வீட்டுக்கு ரெண்டு கிலோ கணக்கு சொல்றேன். பூந்தி 700 கிராம், ஓமப்பொடி 500, வேர்க்கடலை 300, அவல் 200, பொட்டுக்கடலை 150, முந்திரி 100. கறிவேப்பிலை ரெண்டு கைப்பிடி, பூண்டு இருபது பல்லு. அவ்வளவுதான். இதுல டைமண்ட் பிஸ்கட்டு, உருளைக்கிழங்கு வறுவல்னு சேக்குறவங்க சேக்கட்டும், நான் சேக்க மாட்டேன். ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு வேகத்துல நமக்கும்.

பொரிக்குற வரிசை முக்கியம். புது எண்ணெயில முதல்ல ஓமப்பொடி, நிறம் நல்லா வரும். அடுத்து பூந்தி. அப்புறம் எண்ணெயை வடிகட்டிக் கசண்டை எடுத்துட்டுக் கடலை, முந்திரி, பொட்டுக்கடலை. பொட்டுக்கடலை பத்து எண்ணுறதுக்குள்ள எடுத்துருங்க, அது ஏற்கெனவே வறுத்ததுதான். பூண்டு, கறிவேப்பிலை அப்புறம். அவல் கடைசி. அவல்ல தூசி இருக்கும், சலிச்சாலும் இருக்கும், எண்ணெயையே கறுப்பாக்கிரும். அவலுக்கு மட்டும் எண்ணெய் நல்லாப் புகையுற பக்கம் போகணும். போட்ட உடனே பூவா மேல வரணும். வரலைன்னா எண்ணெயைக் குடிச்சுட்டுப் பல்லுல ஒட்டும்.

கலந்த பிறகு பெரிய தாம்பாளத்துல பரத்தி, மெல்லிசாத் துணி போட்டு மூடி, ராத்திரி பூரா ஆறவிட்டுக் காலையில கட்டுங்க. சூட்டோட மூடுனதுதான் நீங்க செஞ்ச முதல் தப்பு.

பாபநாசம்பொண்ணு

அண்ணே, உங்களுக்கு ஒரு கும்பிடு. பூந்தி எனக்கு எப்பவும் வால் முளைச்சு தவளைக்குஞ்சு மாதிரி விழுது. அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

சரக்குமாஸ்டர்

வால் வந்தா மாவு கெட்டி. அப்பளமா விழுந்தா தண்ணி ஜாஸ்தி. ஒரு கிலோ கடலை மாவுக்கு 150 கிராம் அரிசி மாவு, சலிச்சுக் கலந்து, தோசை மாவை விட ஒரு பிடி தளர்வாக் கரைங்க. ஒரு சொட்டு எண்ணெயில விட்டுப் பாத்துட்டு அப்புறம் கரண்டியப் பிடிங்க. கரண்டியை எண்ணெய்க்கு ஒரு சாண் மேலேயே வச்சுக்கங்க, கிட்டக் கொண்டு போனா ஆவி பட்டுக் கண்ணு அடைக்கும். ஒவ்வொரு ஈடுக்கும் கரண்டியை அடியில துடைக்கணும். துடைக்காததாலதான் ரெண்டாவது ஈட்டுல வால் வருது. சோடா உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல போனா எண்ணெய் குடிக்கும்.

ஓமத்தை அப்படியே மாவுல போட்டுராதீங்க. ஊறவச்சு அரைச்சு, வெள்ளைத் துணியில வடிகட்டி அந்தத் தண்ணிய மட்டும் ஊத்துங்க. ஒரு துகள் போனாலும் அச்சுல மாட்டிக்கிட்டு, பாதி இழையா வரும், பாதி வராது, கை ரெண்டும் கழண்டுரும்.

வேதியியல்வாத்தியார்

மாஸ்டர் சொன்னது அத்தனையும் சரி, அந்தக் கடைசிப் பத்தியைத் தவிர. ராத்திரி முழுக்கத் துணி போட்டு வைக்கச் சொல்றதுதான் இடிக்குது.

பொரிச்ச பண்டத்துல தண்ணி கிட்டத்தட்ட இல்லை. அதனாலதான் கடிச்சா நொறுங்குது. சுத்தி இருக்கும் காத்துல ஈரம் இருந்தா அது உறிஞ்சிக்கிட்டேதான் இருக்கும், துணி அதைத் தடுக்காது. உப்பு வேற தூவியிருக்கோம். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல போனா சாப்பாட்டு உப்பு தானாவே ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். மழைக்காலத்துல உப்பு ஜாடியைப் பாத்தவங்களுக்கு இது தெரியும். தீபாவளி விழறதே ஐப்பசி மழையில. பாபநாசம் பக்கம் ஆறும் வாய்க்காலுமா இருக்கும் ஊர்ல ராத்திரிக் காத்து எப்படி இருக்கும்?

சூட்டோட மூடினா உள்ள ஆவி நீராகும், அது உண்மை. ஆனா ஆறினதுக்கு அப்புறம் ஒரு நிமிஷம்கூட வெளிய இருக்கக் கூடாது. பரத்தி வச்சா ஒண்ணரை மணி, மிஞ்சினா ரெண்டு மணி நேரம். உள்ளங்கையை வச்சுப் பாருங்க, சூடு தெரியலைன்னா மூடிடுங்க.

சரக்குமாஸ்டர்

சார், நான் முப்பத்திரண்டு வருசம் ராத்திரி ஆறவிட்டுத்தான் காலையில எடை போட்டேன். ஒரு நாளும் நமக்கல. புத்தகம் வேற, அடுப்பு வேற.

மிக்சர்மாமா

இப்பத்தான் இழை சூடு பிடிக்குது. யாராவது காபி போடுங்க.

கச்சான்

வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நீங்கள் வேர்க்கடலை எண்டு சொல்லுறதுதான் எங்கட கச்சான், அதுதான் என்ர பேர். எங்கட மிக்சரில ஓமப்பொடியை விட முறுக்கை உடைச்சுப் போடுறதுதான் கூட. கடலைப்பருப்பை ஊறப்போட்டு, துணியில ஒத்தி ஈரம் எடுத்துப் பொரிச்சுச் சேர்ப்பம். செத்தல் மிளகாயைத் துண்டு துண்டா வெட்டிக் கறிவேப்பிலையோட பொரிச்சுப் போடுவம். தூளை விட அதுதான் வாசம். உறைப்புக் காணாது எண்டால் சனம் முகத்துக்கு நேரவே சொல்லிப்போடும்.

நமக்கிற விசயத்தில ஒண்டு. பருப்புத்தான் எங்களுக்கு வில்லன். வெளியில கரகரப்பா இருக்கும், நடுவில ஈரம் நிக்கும். ஒருக்கால் பொரிச்சு எடுத்து, ஆறவிட்டு, திரும்பவும் ஒருக்கால் போட்டு எடுக்கவேணும். மாஸ்டர் ஐயா சொன்ன அந்தச் சத்தக் கதை சரியான கதை.

ஈப்போக்காரி

மலேசியாவிலிருந்து. எங்கள் ஊரில் புந்தோங் பக்கம் போனால் கச்சாங் பூத்தே கடைகள் வரிசையாக இருக்கும். கடலை, பருப்பு, முறுக்கு, ஓமப்பொடி எல்லாம் தனித்தனிக் கண்ணாடி ஜாடிகளில். கேட்டால்தான் கலந்து கொடுப்பார்கள். தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு வைக்கும்போது நானும் அதையே செய்கிறேன். ஒவ்வொன்றையும் தனித்தனி ஜாடியில் வைத்திருந்து, விருந்தினர் வரும் அன்று காலையில்தான் கலப்பேன். ஒன்று நமத்தாலும் மற்றது தப்பிக்கும். பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது கடலை ஒவ்வாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே அலுவலகத்தில் ஒரு பிள்ளைக்கு வேர்க்கடலை பட்டாலே தொண்டை வீங்கிவிடும். அவளுக்கு மட்டும் முதலிலேயே தனியாக, புது எண்ணெயில் பொரித்து எடுத்துவிடுவேன்.

எடிசன்வாசி

நியூஜெர்சிலேருந்து ஒரு ஓரக் குறிப்பு. இங்க கிறிஸ்துமஸுக்கு அமெரிக்கக்காரங்களும் நம்மள மாதிரியே ஒரு கார மிக்ஸ் பண்ணி பாட்டில்ல போட்டு, ரிப்பன் கட்டிக் கொடுப்பாங்க. 1950கள்லேருந்து இருக்குற பழக்கம். சதுரமா வலை மாதிரி இருக்கும் ஒரு தானிய சீரியல்தான் அதுக்கு அடிப்படை. அதோட பிராண்ட் பேரைத் தமிழ்ல எழுதினா மாடரேட்டர் இழையைப் பூட்டிடுவார், அதனால விட்டுடறேன். கூட நட்ஸ், உப்பு பிஸ்கட். வெண்ணெயில சாஸ் கலந்து பிரட்டி, 250 டிகிரி ஃபாரன்ஹீட் அவன்ல ஒரு மணி நேரம் வச்சு, கால் மணிக்கு ஒரு தடவை கிளறணும். பொரிக்கிறதே இல்லை.

அந்தச் சாஸ்ல நெத்திலி வகை மீன் இருக்கும். பக்கத்து வீட்டு அம்மா ஆசையாக் கொடுத்ததை எங்க மாமியார் ரெண்டு நாள் ரசிச்சுச் சாப்பிட்டாங்க. சைவம். நான் இன்னும் சொல்லலை.

விஷயத்துக்கு வர்றேன். நமத்துப் போன நம்ம மிக்சரையும் அதே சூட்டுல பதினஞ்சு நிமிஷம் வச்சு, ஆறவிட்டா பழையபடி ஆகும். மாமி வாணலியில பண்ணினதும் இதேதான். ஆனா சிக்கு வாடை வந்துட்டா எதுவும் காப்பாத்தாது, அது எண்ணெய் கெட்டது, ஈரம் இல்லை.

அக்ரஹாரத்துமாமி

மாமியார்கிட்டச் சொல்லாதேள். சொல்லி என்ன ஆகப்போறது.

பாபநாசம்பொண்ணு (அக்டோபர் 1)

எல்லார் சொன்னதையும் ஒரு தாள்ல எழுதிப் பாத்தேன். ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க: பெட்டி, பூண்டு, சூடு, ராத்திரிக் காத்து. சண்டை போடறதுக்குப் பதிலா சோதிச்சுப் பாத்துடலாம்னு நேத்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல போட்டேன். உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம், ஒரு ஸ்பூன் சர்க்கரை எல்லாத்தையும் மிக்சியில ஒரு சுத்து சுத்தி, கடலை சூடா இருக்கும்போதே மேல தூவினேன். ஆறின கடலையில தூள் ஒட்டாது, டப்பா அடியில போய்ப் படியுதுன்னு போன வருஷமே தெரிஞ்சுக்கிட்டேன்.

ஆறு பங்காப் பிரிச்சு, பேனாவால நம்பர் போட்டிருக்கேன்.

ஒண்ணு: பூண்டோட, அட்டைப் பெட்டி. ரெண்டு: பூண்டு இல்லாம, அட்டைப் பெட்டி. மூணு: பூண்டோட, பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டில். நாலு: பூண்டு இல்லாம, அதே மாதிரி பாட்டில். அஞ்சு: பூண்டு இல்லை, பாட்டில், ஆனா சூட்டோட மூடினது. ஆறு: பூண்டு இல்லை, மாஸ்டர் அண்ணன் சொன்ன மாதிரி ராத்திரி பூரா தாம்பாளத்துல துணி போட்டு வச்சு, காலையில பாட்டில்ல அடைச்சது.

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு எல்லாம் ரெண்டு மணி நேரத்துல ஆறினதும் மூடினது. நேத்து ராத்திரி மழை பெய்ஞ்சுது. சோதனைக்கு ஏத்த நாள்.

வீட்டுல யாரும் தொடக் கூடாதுன்னு பீரோ மேல வச்சிருக்கேன்.

வேதியியல்வாத்தியார்

என் வகுப்புல முப்பது வருஷத்துல இவ்வளவு ஒழுங்கா ஒரு சோதனையை யாரும் பண்ணினதில்லை.

கரிசக்காட்டான்

பாதி ராத்திரியில ஏழாவது பங்குன்னு ஒண்ணு இருந்து காணாமப் போச்சுன்னு எழுதுவீங்கன்னு நினைச்சேன்.

பாபநாசம்பொண்ணு (அக்டோபர் 11)

முடிவு வந்தாச்சு. தினமும் சாயங்காலம் ஒவ்வொண்ணுலேருந்தும் ஒரு ஸ்பூன், நானும் பையனும். அவன் கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் சாப்பிட்டான், அவனுக்கு அது ஒரு விளையாட்டு.

அஞ்சாம் நம்பர் மறுநாள் காலையிலயே போச்சு. பாட்டில் உள்பக்கம் மூடி ஓரத்துல முத்து முத்தா ஈரம். அவல் கையில வளைஞ்சுது. அப்ப போன வருஷம் பதினாறு பெட்டிக்குள்ளயும் இதுதான் நடந்திருக்கு.

ஒண்ணாம் நம்பர் மூணாம் நாள். ரெண்டு நாலாம் நாள். ஒரு நாள்தான் வித்தியாசம், பூண்டு இருந்தாலும் இல்லாட்டாலும் அட்டைப் பெட்டி கவுத்துடுது. பட்டர் பேப்பர் எண்ணெயை மட்டும்தான் தடுக்குது போல.

மூணாம் நம்பர்தான் வேடிக்கை. பத்து நாளுக்கும் பூந்தி, கடலை எல்லாம் கரகரன்னே இருந்துச்சு. ஏழாம் நாள் மூணு பூண்டுப் பல்லை எடுத்துப் பிட்டுப் பாத்தேன். ரெண்டு பொடியா நொறுங்குச்சு. ஒண்ணு மட்டும் கொஞ்சம் பெரிய பல்லு, நடுவுல மெழுகு மாதிரி. அதை ஒட்டியிருந்த அவல் மட்டும் நமத்திருந்துச்சு. ஆக மாமி சொன்னதும் சரி, மாஸ்டர் அண்ணன் சொன்னதும் சரி. பல்லு எல்லாம் ஒரே அளவா இருக்கணும், இல்லாட்டா பெருசை ரெண்டாக் கிள்ளிடணும்.

நாலு இன்னிக்கும் அன்னிக்குப் போட்ட மாதிரியே இருக்கு.

ஆறாம் நம்பர். அண்ணே, மன்னிச்சுக்கோங்க. மூடும்போதே கொஞ்சம் மழுங்கித்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் மோசமாகலை, ஆனா நாலாம் நம்பரோட வச்சுப் பாத்தா பையனே கண்ணைக் கட்டிக்கிட்டு "இது பழசும்மா"ன்னு சொல்லிட்டான்.

சரக்குமாஸ்டர்

மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா. ரெண்டு நாளா யோசிச்சேன். கடையில ராத்திரி அடுப்பு அணையாது. ரெண்டு மணிக்கு அல்வா, மூணு மணிக்குப் பூந்தி லட்டுன்னு கொதிச்சுக்கிட்டே கிடக்கும். அந்த அறைக்குள்ள நின்னா வேர்வை சட்டையிலேயே காயும், அப்படி ஒரு காங்கை. சரக்கும் அங்கேயேதான் ஆறும். வீட்டு அடுப்படியில பதினொரு மணிக்கு அடுப்பை அணைச்சு ஜன்னலைத் திறந்து விட்டுருவீங்க. முப்பத்திரண்டு வருசமா என் கைப்பக்குவம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், பாதி அடுப்போட வேலை.

வாத்தியார் சார் சொன்ன ரெண்டு மணி நேரமே சரி. மழை பெய்ஞ்சா ஜன்னலைச் சாத்திருங்க, சின்ன அடுப்பு ஒண்ணுல ஏதாவது வச்சு எரியவிடுங்க.

வேதியியல்வாத்தியார்

மாஸ்டர், உங்க கடை அறைதான் நான் சொல்ல மறந்த பாடம். காத்து சூடானா அதோட ஈரப்பதம் இறங்கிடும். நான் கடைக்குள்ள போய்ப் பாக்காமயே பேசிட்டேன்.

கொங்குஅம்மிணி

பாட்டில் பதினாறுக்கு எங்கீங்க போறது? எங்க ஊர்ல கவர்லதான் போடுவோம். ஆக்சா பிளேடை வாய்ப்பக்கம் வச்சு, கவரை அது மேல மடிச்சு, ஓரத்தை மெழுகுவர்த்தித் தீயில ஒரே இழுப்பா இழுத்தா ஒட்டிக்குமுங்க. முடிச்சுப் போட்டா காத்து போகும், இதுல போகாதுங்க. அந்தக் கவரை அப்படியே உங்க தங்கப் பெட்டிக்குள்ள வச்சுக் கொடுங்க, லட்சணத்துக்கு லட்சணமும் ஆச்சு.

ஈப்போக்காரி

அருமை. கவரில் போட்ட தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வைக்காமல் வெளியே ஒட்டுங்கள். மை எண்ணெயில் ஊறிவிடும்.

பாபநாசம்பொண்ணு

இந்த யோசனை நல்லா இருக்கு. ஆபீஸுக்கும் தெருவுக்கும் கவர் ஒட்டிப் பெட்டிக்குள்ள. 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்பைப் பத்த வைக்கிறேன், ரெண்டு ரெண்டு கிலோவா ரெண்டு தடவை. ராத்திரி ஒன்பதுக்குள்ள கடைசிக் கவர் ஒட்டிடணும். மூணு வீட்டுக்குப் பூண்டு இல்லாம, எண்ணெயில பூண்டு விழறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வச்சுடுவேன்.

சொந்தக்காரங்களுக்கு மட்டும் பாட்டில். கீழ் வீட்டு மாமிகிட்டயே நாலு ஹார்லிக்ஸ் பாட்டில் கேட்டு வாங்கியிருக்கேன். நல்லாத் தேய்ச்சுக் கழுவி, வெயில் இல்லாததால அரிசி டப்பா பக்கத்துல கவுத்து வச்சுக் காஞ்சுக்கிட்டிருக்கு. எதுக்குடி இத்தனை பாட்டில்னு கேட்டாங்க. சொல்லலை.